பத்துத் தடங்களா, எட்டுத் தடங்களா?
வரைபடத்துக்குள் இருக்கும் கடன் கணக்கு

கடன் விண்ணப்பத்துடன் கட்டட வரைபடத்தையும் இணைக்குமாறு நாங்கள் கேட்கும்போது, வாடிக்கையாளர் பலர் அதனை ஒரு சடங்காகவே கருதுகின்றனர். கோப்பில் சேர்ந்தபின் எவரும் புரட்டிப் பாராத தாள்களில் அதுவும் ஒன்று என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் ஒரு தொழில் தன் கடனைத் திருப்பிச் செலுத்துமா, அங்கு வரும் மக்கள் பத்திரமாக வீடு திரும்புவார்களா என்னும் இரு வினாக்களுக்கும் விடை பெரும்பாலும் அந்த வரைபடத்திலேயே கிடைத்துவிடுகிறது. பெங்களூரில் எங்கள் கிளைக்கு வந்த ஒரு வரைபடத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறோம்.

எங்கள் கிளையில் கல்விக் கடன் பெற்று உட்புற வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருவர், இறுதிப் பருவச் செயல்திட்டமாக ஒரு பௌலிங் கூடத்தின் உள்ளமைப்பை வரைந்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட கட்டடம் கற்பனையானதன்று. மைசூர் சாலையை ஒட்டி அவருடைய தாய்மாமனுக்குச் சொந்தமான பழைய கிடங்கு அது. நீளம் 120 அடி, அகலம் 60 அடி. நடுவில் தூண் இல்லாத கூரை. அக்காள் மகளின் பாடத்தையே தொழிலாக்கிவிடலாம் என்ற ஆர்வம் மாமனுக்கு வந்துவிட்டது. குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை அடமானம் வைக்கவும் அவர் ஆயத்தமாக இருந்தார். இருவரும் ஒரு நாள் சேர்ந்தே வந்தனர்.

“சார், இந்த வரைபடத்தை நம்பி பேங்க் கடன் கொடுக்குமா?” என்று கேட்டார் மாணவி. நேரிய வினா. அதற்கு விடை சொல்ல, நாங்களும் அவ்விளையாட்டைப் பற்றிச் சற்றுப் படிக்க வேண்டியிருந்தது.

விளையாட்டு விதிக்கும் அளவுகள்

பௌலிங் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது கிரிக்கெட் பந்துவீச்சு. இங்கே பேசப்படுவது, வழவழப்பான தடத்தின் மீது கனமான பந்தை உருட்டி, மறுமுனையில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம். அமெரிக்காவில் 1895-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் இதன் விதிகளையும் அளவுகளையும் ஒழுங்குபடுத்தியது. பெங்களூரில் சர்ச் தெருவின் அமீபா கூடம் இவ்விளையாட்டைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. பின்னர் வணிக வளாகங்களிலும் தடங்கள் வந்தன. தமிழகத்தைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் இதில் பலமுறை தேசியச் சாம்பியன் பட்டம் வென்றவர்.

வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியது யாதெனில், இக்கூடத்தின் பெரும்பகுதியை அவர் விருப்பம்போல் மாற்ற இயலாது. வீரர் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. தடத்தின் அகலம் ஏறத்தாழ 41½ அங்குலம். கட்டையின் உயரம் 15 அங்குலம். பந்தின் எடை அதிக அளவாக 16 பவுண்டு, அதாவது ஏழே கால் கிலோ. வீரர் நடந்து வந்து பந்தை விடுவதற்கான முன்தளம் 15 அடிக்குக் குறையக்கூடாது. தடத்தின் மேற்பரப்பு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும். ஆகவேதான் அசையாத தரைத்தளம் இத்தொழிலுக்கு உகந்தது. கட்டைகள் வீழும் ஓசையும் அதிர்வும் கீழ்த்தளத்தாரைத் தொல்லைப்படுத்தாமலும் இருக்கும்.

இவ்வளவுகளைக் கூட்டிப் பார்ப்போம். கட்டைகள் நிற்கும் மேடை உட்பட தடத்துக்கு 63 அடி. கட்டைகளை நிறுத்தும் இயந்திரத்துக்கு 6 அடி. அதன் பின்னே பழுதுபார்ப்பவர் நடமாட 4 அடி. முன்தளம் 15 அடி. ஆட்டக்காரர் அமரும் பகுதி 12 அடி. மொத்தம் 100 அடி. கிடங்கின் நீளத்தில் எஞ்சுவது 20 அடியே. நுழைவாயில், கட்டணம் செலுத்துமிடம், காலணி வழங்குமிடம், சிற்றுண்டிக் கூடம், கழிப்பறை ஆகிய யாவும் அந்த 20 அடிக்குள் அடங்க வேண்டும்.

அகலத்தில், இரு தடங்களும் அவற்றின் ஓரக் கால்வாய்களும் பந்து திரும்பி வரும் பாதையும் சேர்ந்து ஏறத்தாழ 11½ அடி பிடிக்கும். ஐந்து இணைகள் என்றால் 57½ அடி. அறுபது அடி அகலத்தில் பத்துத் தடங்கள் அடங்கிவிடும். மீதி இரண்டரை அடி.

மாணவியின் முதல் வரைபடம் இப்படித்தான் இருந்தது. சுவரிலிருந்து சுவர் வரை பத்துத் தடங்கள். வண்ணங்களும் விளக்குகளும் அழகுற அமைந்திருந்தன. மாமனுக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. “பத்துத் தடம் இருந்தால்தான் பெரிய கூட்டமாக வருவார்கள்” என்றார்.

முதல் வரைபடத்தில் நாங்கள் தேடியது

நாங்கள் அந்த வரைபடத்தில் முதலில் தேடியது கதவுகளை. இருந்தது ஒன்றே: சாலையை நோக்கிய கிடங்கின் பழைய இரும்பு ஷட்டர். அதன் இடப்புறம் காலணி வழங்குமிடம், வலப்புறம் சமையலறை.

பௌலிங் கூடத்துக்கு வருவோர் தம் காலணிகளைக் கழற்றிக் கொடுத்து, வழுவழுப்பான அடிப்பகுதி கொண்ட தனிக் காலணிகளைப் பெற வேண்டும்; புறப்படும்போது மீண்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். வருவோர் வரிசையும் போவோர் வரிசையும் ஒரே இடத்தில், அதுவும் வாயிலின் முன் நிற்கும். தடத்துக்கு ஆறு பேர் என்றால் ஆட்டக்காரரே அறுபது பேர். உடன் வந்தோர், சிற்றுண்டி அருந்துவோர், பணியாளர் எனச் சனிக்கிழமை மாலையில் எண்ணிக்கை நூறைத் தாண்டிவிடும். சமையலறையில் தீப்பிடித்தால் இந்நூறு பேரும் எவ்வழியே வெளியேறுவர்?

“பின்பக்கம் ஒரு கதவு வைத்துவிடுகிறேன்” என்றார் மாணவி. பின்பக்கக் கதவை அடைய ஒரு பாதை வேண்டுமே! ஓரத்தில் உள்ள இரண்டரை அடி இடுக்கு ஒருவர் பின் ஒருவர் செல்வதற்கே போதுமானது. தடத்தின் மீது ஓடலாம் என்றால், பந்து சீராக உருளும் பொருட்டு அதன் பெரும்பகுதியில் எண்ணெய் பூசப்பட்டிருக்கும். பதற்றத்தில் அதன் மீது கால் வைப்பவர் வழுக்கி விழுவார். தடத்தின் முடிவில் இயந்திரங்கள் சுவர்போல் நிற்கும். நூறடி நீளக் கூடமாயினும், மக்கள் அனைவரும் அதன் முன்பகுதியில் அடைபட்டிருப்பர்.

இது வீண் அச்சமன்று. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். புகை மாடிகளில் பரவியது. வெளியேறும் வழிகள் தடைப்பட்டிருந்தன. சிலர் மேலிருந்து குதித்தே மாண்டனர். அத்துயரத்தின் பின் உருவான ‘பியாண்ட் கார்ல்டன்’ என்னும் அமைப்பு இன்றும் தீப்பாதுகாப்பு குறித்து விழிப்புணர்வு ஊட்டி வருகிறது.

2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் டி.ஆர்.பி. விளையாட்டு மையத்தில் நேர்ந்தது இதனினும் கொடியது. கோடை விடுமுறையின் சனிக்கிழமை. 99 ரூபாய் நுழைவுச் சலுகை. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். இரும்புச் சட்டங்களால் எழுப்பப்பட்ட அக்கூடத்தில் வெல்டிங் வேலையின் பொறியிலிருந்து எழுந்த தீ சில நிமிடங்களில் முழுதும் பரவியது. குழந்தைகள் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று அம்மையத்துக்கு இருக்கவில்லை. குஜராத் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இது மனிதரால் விளைந்த பேரழிவு எனக் கருத்துரைத்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் நாங்கள் எடுத்துக் கூறியபோது மாமன் அமைதியானார். மாணவி தம் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, “ஒரு வாரம் டைம் கொடுங்க, சார்” என்றார்.

இரண்டாம் வரைபடம்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மக்கள் கூடும் கட்டடங்களின் வெளியேறும் கதவு இரண்டு மீட்டர் அகலத்துக்குக் குறையலாகாது என்கிறது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எவ்விடத்தில் நிற்பவரும் ஒரு வாயிலை அடைய 30 மீட்டருக்கு மேல் நடக்க நேரிடலாகாது.

மாணவி இவற்றைப் படித்து வந்திருந்தார். புதிய வரைபடத்தில் தடங்கள் எட்டு. அவற்றுக்கு 46 அடி போக, ஒரு பக்கத்தில் 14 அடி கிடைத்தது. அதில் ஏழடி, அமரும் பகுதியிலிருந்து பின்சுவர் வரை நேராகச் செல்லும் பாதை. 88 அடி, அதாவது சுமார் 27 மீட்டர். அதன் முடிவில் இரண்டு மீட்டர் அகலக் கதவு. இயந்திரங்களின் பின்னே பணிபுரிபவருக்கும் அதுவே வழி. மீதி ஏழடியில் உதிரிப் பாக அறையும் பழுதுபார்க்கும் அறையும். பாதைக்கும் அறைக்கும் இடையே தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார். இடம் போதவில்லை என்று அட்டைப் பெட்டிகளைப் பாதையில் அடுக்கும் வழக்கத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

முன்வாயிலில் ஷட்டருக்கு உட்புறமாக வெளியே திறக்கும் இரட்டைக் கதவு வந்தது. வேலை நேரம் முழுவதும் ஷட்டர் உயர்த்தியே இருக்கும் எனக் குறிப்பும் எழுதியிருந்தார். காலணி வழங்குமிடம் வாயிலை விட்டு உட்புறம் நகர்ந்தது. முன்தளத்தின் படிக்கு அருகே, சக்கர நாற்காலியில் வருவோருக்காகப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு சாய்தளமும் இடம்பெற்றது.

மாமனின் கவலை வேறு. “இரண்டு தடம் போனால் வருமானம் போகுமே!” வணிகரின் வினா இது, அதற்கு எண்களால்தான் விடை கூற வேண்டும்.

எண்கள் கூறும் விடை

கீழ்க்கண்ட தொகைகளை எடுத்துக்காட்டாக மட்டுமே கொள்க. விலையும் வட்டியும் காலத்துக்கும் வங்கிக்கும் ஏற்ப மாறும்.

ஒருவர் ஓர் ஆட்டத்தை முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். ஆகவே ஒரு தடத்தில் மணிக்கு ஐந்து ஆட்டங்கள். சனி, ஞாயிறுகளில் மாலை நான்கு முதல் பத்து வரையிலான ஆறு மணி நேரத்தில், பத்துத் தடங்கள் 300 ஆட்டங்களையும் எட்டுத் தடங்கள் 240 ஆட்டங்களையும் தரவல்லன. வார நாட்களில் எட்டே நிரம்புவது கடினம். எனவே கூடுதலான இரு தடங்கள் பயன்படுவது வார இறுதி மாலைகளில் மட்டுமே. அப்போதும் 240-க்கு மேல் ஆட்டங்கள் நடந்தால்தான் அவை ஈட்டத் தொடங்கும். பத்துத் தடக் கூடம் எழுபது விழுக்காடு நிரம்பினால் 210 ஆட்டங்கள். எட்டுத் தடங்களே அவற்றை நடத்திவிடும். மற்ற இரண்டும் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தாரா.

தவணையோ கூட்டத்தைப் பார்த்து வருவதன்று. நிறுவும் செலவு உட்படத் தடம் ஒன்றுக்கு 20 லட்சம் எனக் கொண்டால், இரு தடங்களுக்கு 40 லட்சம். அதில் உரிமையாளர் பங்கு கால் பகுதி போக, கடன் 30 லட்சம். 10.5 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 50,600 ரூபாய். கூட்டம் வராத மாதத்திலும் இது செலுத்தப்பட வேண்டும்.

வங்கியில் நாங்கள் பெரிதும் நம்பும் ஓர் அளவுகோல் உண்டு: கடன் செலுத்து திறன் விகிதம். ஓராண்டில் தொழிலின் செலவுகள் போகக் கையில் நிற்கும் பணத்தை, அவ்வாண்டில் செலுத்த வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் அது கிடைக்கும். விகிதம் ஒன்று எனில் ஈட்டியது அனைத்தும் தவணைக்கே சரியாகிவிடும். ஒன்றரை அளவில் இருந்தால் எதிர்பாராத இடர்களைத் தாங்கும் இடைவெளி இருப்பதாகக் கருதுவோம்.

எட்டுத் தடங்களும் உட்புற வேலைகளுக்கு 60 லட்சமும் சேர்ந்து திட்டச் செலவு 2 கோடியே 20 லட்சம். கடன் 1 கோடியே 65 லட்சம். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 33.4 லட்சம். பத்துத் தடங்கள் என்றால் செலவு 2 கோடியே 60 லட்சம். கடன் 1 கோடியே 95 லட்சம். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 39.5 லட்சம். இரண்டிலும் ஆண்டுக்கு 50 லட்சம் கையில் நிற்பதாகக் கொள்வோம். எட்டுத் தடங்களுக்கு விகிதம் 1.5, பத்துத் தடங்களுக்கு 1.27. கூட்டம் எப்போதும் நிரம்பி வழியும் என்றால் பத்தே மேல். அந்த ‘என்றால்’ என்னும் சொல்லின் மீது வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்பதே கேள்வி.

மாமன் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “முதலில் எட்டு ஓடட்டும்” என்றார்.

வீட்டுப் பத்திரம் கட்டாயமா?

இங்கே வாடிக்கையாளர் பலருக்கும் பயன்படும் செய்தி ஒன்று. குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசும் சிட்பி வங்கியும் 2000-ஆம் ஆண்டு அமைத்த கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை, சேவைத் தொழில்களுக்கும் துணை நிற்கிறது. சொத்து அடமானம் இல்லாத தகுதியான கடன்களுக்கு அது வங்கிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. அதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதற்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம் உண்டு. உத்தரவாதம் இருப்பதால் கடன் தள்ளுபடியாகிவிடும் என எவரும் எண்ணலாகாது. கடன் பெற்றவரின் பொறுப்பு அப்படியே தொடரும். ஆயினும் குடியிருக்கும் வீட்டை முன்வைப்பதற்கு முன், இத்திட்டத்தில் தம் தொழில் இடம்பெறுமா என வங்கியில் கேட்டறிவது நன்று.

இயந்திரத் தேர்வும் கடனைப் பாதிக்கும். இத்துறையில் பிரன்ஸ்விக், க்யூபிகா ஏ.எம்.எஃப். போன்ற அயல்நாட்டு நிறுவனங்களே முன்னணியில் உள்ளன. இறக்குமதி என்பதால் ஆணை இடும் நாளுக்கும் பணம் செலுத்தும் நாளுக்கும் இடையே டாலரின் மதிப்பு மாறக்கூடும். திட்டச் செலவில் அதற்கென ஒரு தொகையை ஒதுக்குவது முன்யோசனை. கட்டைகளைக் கயிற்றால் தூக்கி நிறுத்தும் எளிய வகை இயந்திரங்களும் உள்ளன. அவற்றில் நகரும் பாகங்கள் குறைவு, பராமரிப்பும் எளிது. அமெரிக்க பௌலிங் அமைப்பு 2023-இல் இவ்வகை ஆட்டத்தைத் தனிப் பிரிவாக ஏற்றது. பொழுதுபோக்குக்காக வருவோரே மிகுதி எனில் இதனை எண்ணிப் பார்க்கலாம். போட்டி வீரர்களை ஈர்ப்பதே நோக்கம் எனில் வழக்கமான இயந்திரம் தேவைப்படும்.

விண்ணப்பிக்கும் முன்

பௌலிங் கூடம் மட்டுமன்று. உணவகம், உடற்பயிற்சிக் கூடம், திருமண மண்டபம், தனிப்பயிற்சி நிலையம் என மக்கள் கூடும் எத்தொழிலுக்கும் கடன் கோருவோர் சில வினாக்களைத் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டுகிறோம்.

நகரத் திட்டத்தின்படி அந்நிலத்தை இத்தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி உண்டா? கிடங்காகப் பதிவான கட்டடத்தை மக்கள் கூடும் இடமாக மாற்ற மாநகராட்சியின் ஒப்புதலும் தொழில் உரிமமும் வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்று தேவைப்படுமாயின், அதனைப் பெறும் காலத்தையும் தவணை தொடங்கும் நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? திறப்பு விழா தாமதமானாலும் வட்டி தாமதமாவதில்லை. ஒன்றுக்கொன்று விலகிய இரு வெளியேறும் வழிகள் உள்ளனவா? கட்டடமும் இயந்திரமும் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்யப்படுமா? வருவோருக்கு நேரும் விபத்துக்கான பொறுப்புக் காப்பீடு உண்டா? வருமானக் கணக்கு, நிரம்பிய சனிக்கிழமையைக் கொண்டு போடப்பட்டதா, வெறுமையான செவ்வாய்க்கிழமையைக் கொண்டு போடப்பட்டதா?

மாணவி தம் செயல்திட்டத்தை இரு வரைபடங்களுடனும் கல்லூரியில் அளித்தார். முதல் வரைபடத்தை ஏன் கைவிட்டார் என்பதற்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தார். மாமனின் கடன் விண்ணப்பம் இன்னும் எங்களிடம் வரவில்லை. நிலப் பயன்பாட்டு ஒப்புதலுக்காக அவர் காத்திருக்கிறார். அது வரும்வரை வீட்டுப் பத்திரம் அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நாங்களே கூறியுள்ளோம்.

அடுத்த முறை வரைபடத்தை நாங்கள் கேட்கும்போது, வாடிக்கையாளர் அதனை எங்களுடன் அமர்ந்து விரித்துப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். தாளில் ஒரு சுவரை நகர்த்த ஓர் அழிப்பான் போதும். கட்டி முடித்தபின் அதே சுவரை நகர்த்துவதற்கு ஆகும் செலவை எந்தத் தவணைக் கணக்கிலும் நாங்கள் சேர்த்துக்காட்ட இயலாது.